சோம்பேறிச் செடி பூத்த வருஷம்

பிப்ரவரி 6

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. கண்ணைத் தவிர மற்றபடி சௌக்கியம். நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய். எந்த வியாதி வந்தாலும் பேசியே துரத்திவிடுவாயே.

எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். டாக்டரிடம் போயிருந்தேன். ஒரு மிஷினில் தாடையை வைக்கச் சொல்லி, விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, "எத்தனை நாளா பக்கவாட்டுல நிக்கிறவங்க தெரியல?" என்று கேட்டார். "பக்கவாட்டுல நிக்கிறவங்கள நான் எப்பவுமே மதிச்சதில்ல டாக்டர்" என்றேன். மனுஷன் சிரிக்கவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பார்வை ஓரத்திலிருந்து உள்பக்கமாகச் சுருங்கிக்கொண்டே வருகிறதாம். மருந்து கிடையாது. வருஷக் கடைசிக்குள் மொத்தமாக மூடிவிடும், அதற்கு முன்னாலேயும் மூடலாம் என்றார்.

முப்பத்தொரு வருஷம் மில்லில் விளக்கு மேசைமேல் ஓடுகிற துணியில் அறுந்த இழை தேடின கண். அழுவதற்காக எழுதவில்லை. அதெல்லாம் செவ்வாய்க்கிழமையே அழுது முடித்தாயிற்று.

எனக்கு ஒன்று வேண்டும். உன் லாட்ஜுக்கு எதிர்ச்சரிவில் இருக்கிறதே அந்தச் செடி, ஒன்பது வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கிற சோம்பேறி. அதே மலையில் பிறந்தவள், அதன் பூவை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்றால் யார் நம்புவார்கள்? ஐந்து வயதில் அப்பா தோளில் தூக்கிக்கொண்டு போனார், தூங்கிவிட்டேன். பதினாலில் அம்மை போட்டு ஜன்னலையே சாத்தி வைத்தார்கள். இருபத்து மூன்றில் கல்யாணமாகி இங்கே வந்த அடுத்த மாதம் அங்கே பூத்தது. முப்பத்திரண்டில் பிரசவம், பூவும் இல்லை, பிள்ளையும் தங்கவில்லை. நாற்பத்தொன்றில் மில்லில் லீவு தரவில்லை. ஐம்பதில் உன் அத்தான் ஆஸ்பத்திரியில். இப்போது ஐம்பத்தொன்பது. இந்த வருஷம் அதன் முறைதானே?

முன்கூட்டியே வந்து மாதக்கணக்கில் உன் தலைமேல் உட்காரமாட்டேன். "பூத்துவிட்டது, வா" என்று ஒரு வரி எழுது. மாடி வீட்டு டீச்சர் பஸ் ஏற்றிவிடுகிறேன் என்கிறாள். கடிதம் கிடைத்த மறுநாள் உன் பஸ் ஸ்டாண்டில் இருப்பேன். இந்தக் கண்ணால் பார்க்க எனக்கு வேறு ஒரு பாக்கியும் இல்லை.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். இங்கே நான், என் தொப்பை, லாட்ஜின் எட்டு அறைகள் எல்லோரும் நலம். அங்கே உன் முழங்கால், முதுகு, கோபம் மூன்றும் நலமா? கண்ணைத் தனியாக விசாரிக்கிறேன்.

உன் கடிதத்தை ரிசப்ஷனில் நின்றபடியே படித்தேன். படித்த கலக்கத்தில் ஐந்தாம் நம்பர் ஆளுக்கு மூன்றாம் நம்பர் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவர் போய்க் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு அம்மா தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கூச்சல் அடங்க அரை மணி. "அந்தம்மாவுக்கு நரைச்ச முடின்னு இனிமே எனக்கு மட்டும்தான் தெரியும், நான் வெளிய சொல்லமாட்டேன்" என்று சமாதானம் பேசினேன். அதை மாடி வரை கேட்கிற மாதிரி சொல்லியிருக்க வேண்டாம்.

டாக்டர்கள் தேதி சொன்னால் நம்பாதே. "சர்க்கரையக் கொறைக்கலன்னா ரெண்டே வருஷம்" என்று எனக்கு ஒருத்தர் சொன்னார். பத்து வருஷமாயிற்று, அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், நான் லட்டைப் பார்த்தால் இன்னும் நின்று பேசிவிட்டுத்தான் வருகிறேன்.

செடி விஷயத்துக்கு வருகிறேன். ஆமாம், இந்த வருஷம்தான். நேற்றுச் சரிவில் ஏறிப் பார்த்தேன், கணுவெல்லாம் பருத்திருக்கிறது. மற்ற வருஷங்களில் ஆடுகூடச் சீந்தாத புதர்: இடுப்பு உயரம், சொரசொரவென்று இலை, முகலட்சணம் என்று ஒன்றும் கிடையாது, என்னை மாதிரி. எட்டு வருஷம் சும்மா நின்றுவிட்டு, ஒன்பதாவது வருஷம் உள்ளே இருக்கிறதையெல்லாம் ஒரே மூச்சில் பூத்துத் தள்ளிவிட்டு, அப்படியே காய்ந்து செத்துப்போகும். ஜூலையில் எதிர்பார்க்கலாம். மழை கெடுக்காவிட்டால் ஒரு மாதம் நிற்கும்.

நாலாம் நம்பர் அறை உனக்குத்தான். கட்டிலில் படுத்தபடியே சரிவு முழுக்கத் தெரிகிற ஜன்னல் அந்த ஒரு அறைக்குத்தான் உண்டு. ரிஜிஸ்டரில் 'மேனேஜரின் அக்கா' என்று எழுதிவிட்டேன், பென்சிலால் இல்லை, பேனாவால். முதல் பூ விரிகிற அன்றே உனக்குத் தபால்.

ஒரே ஒரு வேண்டுகோள். இங்கே இப்போது எல்லோரும் என்னை 'மேனேஜர் சார்' என்கிறார்கள். நீ பஸ்ஸை விட்டு இறங்கியதும் நாலு பேர் எதிரே "டேய் மூக்கொழுகி" என்று கூப்பிடாமலிருந்தால் உனக்குப் புண்ணியமாகப் போகும்.

கண்ணுக்கு வெயில் காட்டாதே.

தம்பி

*

மே 20

மூக்கொழுகிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். மூன்று மாதமாகக் கடிதம் இல்லை. மூக்கொழுகல் நின்றுவிட்டதா, இல்லை துடைக்கவே நேரமில்லையா?

பார்வை இப்போது ஒரு சாவித் துவாரம் அளவுக்கு வந்துவிட்டது. அந்தத் துவாரத்துக்குள் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது, அதுதான் வேடிக்கை. சுற்றிலும் ஒன்றுமில்லை. ஒருத்தர் மூக்கைப் பார்த்தால் வாய் காணாமல் போகிறது, வாயைப் பார்த்தால் கண்ணைக் காணோம். மனுஷர்களைத் துண்டு துண்டாகத்தான் பார்க்க முடிகிறது. முந்தாநாள் மருந்துக் கடை வாசலில் ஒரு ஆளிடம் ஐந்து நிமிஷம் குசலம் விசாரித்தேன். என்ன கேட்டாலும் சிரித்துக்கொண்டே நிற்கிறாரே, இந்தக் காலத்தில் இப்படி ஒரு தங்கமான மனுஷரா என்று நினைத்தேன். கடைக்காரர் வந்து, "அம்மா, அது பல்பொடி விளம்பர அட்டை" என்றார். "இருக்கட்டும்ப்பா, என் தம்பியவிட நல்லாவே கேட்டுக்கிறாரு" என்றேன்.

பேப்பர் படிப்பதை விட்டுவிட்டேன். டிவியும் பார்ப்பதில்லை. "பாத்தா தீந்துபோற சாமான் இல்லம்மா அது" என்கிறார் டாக்டர். அவருக்கென்ன தெரியும்? நான் சேர்த்து வைக்கிறேன், சரிவுக்காக. டீச்சர்கூடச் சிரிக்கிறாள், "எதிர்ல நான் உக்காந்திருக்கேன், கொஞ்சம் என்னையும் பாருங்களேன்" என்று. அவளிடம் கொஞ்சம் செலவழித்தேன். நெற்றியில் ஒரு மச்சம் இருக்கிறது.

மொட்டு வந்ததா? எழுது.

அக்கா

*

ஜூலை 14

மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு,

மேனேஜர் பணிவுடன் எழுதுவது. தங்கள் குடும்பத்தார் அனைவரும் நலமென நம்புகிறேன். இங்கே தண்ணீர்த் தொட்டி, மோட்டார் பம்பு, சமையல்காரரின் மூல வியாதி எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கின்றன.

பூ இந்த மாதம் 5-ம் தேதி ஆரம்பித்தது. இன்றைக்குச் சரிவில் ஒரு கையகலம்கூடப் பச்சை இல்லை. எல்லாம் ஊதா. தினம் மூன்று பஸ் கூட்டம். பத்து மணிக்கு ஒரு தடவை, நாலு மணிக்கு ஒரு தடவை சரிவின் அடியில் ஒரு கல்மேல் ஏறி நின்று செடியைப் பற்றி நாலு வார்த்தை பேசுகிறேன். "எட்டு வருஷம் வாயத் தொறக்கல, ஒன்பதாவது வருஷம் ஒரேயடியாப் பூத்துச்சு, உடனே செத்துச்சு. ஏன்னு கேளுங்க: அந்த வருஷம்தான் அதுக்குக் கல்யாணம் ஆச்சு!" என்று சொல்லி நிறுத்துவேன். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ஜோக்கெல்லாம் குறைத்துக்கொள்ளச் சொல்லி எழுதியிருந்தீர்கள், இங்கே தங்க வரும் தங்கள் சம்பந்தி அம்மாளுக்குப் பிடிக்காது என்று. நேற்று அவர் சிரித்த சிரிப்பில் ஒரு கால் செருப்பு கழன்று உருண்டே போய்விட்டது. "மேனேஜர் சார், நீங்க இங்க இருக்கவேண்டிய ஆளே இல்ல" என்றார். நான் அடக்கமாக ஒத்துக்கொண்டேன்.

தாங்கள் சொன்னபடி சம்பந்தி வீட்டாருக்கு 12-ம் தேதி முதல் மாதக் கடைசி வரை நாலாம் நம்பரைக் கொடுத்துவிட்டேன். அது என் அக்காவுக்கு ஒதுக்கியிருந்ததாக நான் எழுதியதைப் பார்த்து, அவளுக்கு ஆபீஸ் ரூமில் ஒரு கட்டில் போட்டுக்கொடு, பாவம் கண் போவதற்குள் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று எழுதியிருந்தீர்கள். தங்கள் பெரிய மனசு. ஆனால் அதற்கு அவசியமில்லை. அவளுக்கு அப்படியொன்றும் அவசரம் இல்லை. உள்ளதைச் சொன்னால், அவள் வந்தால் நாள் பூராவும் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கவேண்டும். பத்து மணிப் பேச்சும் போச்சு, நாலு மணிப் பேச்சும் போச்சு. போதாததற்கு நான் பேசிக்கொண்டிருக்கும்போதே கூட்டத்துக்கு நடுவிலிருந்து சின்ன வயதுப் பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். சம்பந்தி அம்மாள் எதிரே அது நன்றாக இருக்காது. கூட்டம் குறைந்ததும் அடுத்த மாதம் முதல் வாரத்தில் வரவழைத்துக்கொள்கிறேன். பூ எங்கே ஓடிவிடப்போகிறது?

தங்கள் ஊழியன்,
மேனேஜர்

*

ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் அன்பு. நலம்தானே? எனக்கு இங்கே நிற்க நேரமில்லாத நலம்.

பூவைப் பற்றி நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்: மொட்டு. வெறும் மொட்டு. குண்டூசித் தலை அளவு, பச்சையாக, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, நம் பெரியப்பாவிடம் கைமாற்றுக் கேட்டால் அவர் முகம் எப்படி ஆகும், அந்த மாதிரி. தினம் காலையில் போய் அதட்டிவிட்டு வருகிறேன். "எங்க அக்கா காத்துக்கிட்டிருக்கா, சீக்கிரம்" என்கிறேன். அசைகிற வழியாக இல்லை. இந்த வருஷம் குளிர் அதிகம், அதனால் தள்ளிப்போகிறது என்று வனக்காவலர் சொல்கிறார்.

நீ பாட்டுக்கு அவசரப்பட்டு பஸ் ஏறிவிடாதே. இவ்வளவு தூரம் வந்து மொட்டைப் பார்த்துவிட்டுப் போனால் அந்தத் துவாரம் வீண்தானே. அறை அப்படியே இருக்கிறது, யாரையும் அண்டவிடவில்லை. புதுத் தலையணை உறை போட்டு வைத்திருக்கிறேன்.

பல்பொடி அட்டைக்காரரை நான் மிகவும் விசாரித்ததாகச் சொல்.

தம்பி

*

ஜூலை 24

தம்பிக்கு,

அக்கா சொல்ல, மாடி வீட்டு டீச்சர் எழுதுவது. கையெழுத்து முத்து முத்தாக இருப்பதைப் பார்த்து நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதே. நான் நலம். நீயும் நலமாக இருக்கவேண்டும்.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. டீச்சர் ஊரில் இல்லை. ஸ்கூல் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துக்கொண்டு போய்விட்டு நேற்றுத்தான் திரும்பினாள். நாற்பது பிள்ளைகள், ஒரு பஸ், பதினோரு வாந்தி. போன இடம், பார்த்தது, கேட்டது எல்லாவற்றையும் உட்கார்ந்து சொன்னாள். டீச்சர் நன்றாகச் சொல்வாள். நடித்தே காட்டுவாள்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஜோக்கு வேண்டாம், பெரியப்பா வேண்டாம். அந்தச் செடி பூத்ததா, இல்லையா? ஒரு வார்த்தை போதும். நீ என்ன எழுதினாலும் நான் கோபப்படமாட்டேன், தம்பி. பூத்திருக்கிறது என்று எழுதினால் கிளம்பி வந்துவிடுவேன், அவ்வளவுதான், வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

பெட்டியைக் கட்டிக் கதவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இரண்டு தடவை அதில் நானே தடுக்கி விழுந்தாயிற்று. துவாரம் இன்னும் இருக்கிறது. ரொம்ப நாள் இருக்கும் என்று தோன்றவில்லை.

அக்கா

*

ஜூலை 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிப்பையெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். ஒரு வார்த்தை கேட்டாய். அந்த ஒரு வார்த்தை: இல்லை.

இன்னும் பூக்கவில்லை அக்கா. என்மேல் சத்தியம் பண்ணலாமென்றால் என்னை நீயே நம்பமாட்டாய், அதனால் உன்மேல் சத்தியமாகச் சொல்கிறேன். மொட்டு நன்றாகத் திரண்டுவிட்டது, நுனியில் ஊதா எட்டிப்பார்க்கிறது. இன்னும் பத்தே பத்து நாள் பொறு. ஆகஸ்ட் முதல் வாரம் நானே தபால் போடுகிறேன். பஸ் ஸ்டாண்டில் மாலையும் மேளமும் மட்டும்தான் இருக்காது, மற்றதெல்லாம் இருக்கும்.

பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளு. கண்ணோடு காலும் போய்விட்டால் உன்னைத் தூக்கிக்கொண்டு சரிவேற என் முதுகு தயாராக இல்லை. டீச்சருக்கு என் வணக்கம். நன்றாக நடித்துக் காட்டுவார் என்றாய், ஒருநாள் பார்க்கவேண்டும்.

உடம்பும் மனசும் நலமாயிருக்கட்டும்.

தம்பி

*

ஆகஸ்ட் 6

மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு,

மேனேஜரின் வணக்கம். அனைவரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இங்கே நலமில்லை.

சம்பந்தி வீட்டார் 31-ம் தேதி காலை கிளம்பினார்கள். அன்று மத்தியானம் பிடித்த மழை நாலு நாள் விடவில்லை. ஆலங்கட்டியும் கலந்து அடித்தது. நேற்று வெயில் வந்து பார்த்தால் சரிவில் ஒரு பூ கிடையாது. எல்லாம் கழுவிக்கொண்டு போய் ஓடையில் ஊதாச் சேறாகக் கிடக்கிறது. செடிகள் பழுப்பாகிவிட்டன, இனி காய்ந்து விழவேண்டியதுதான். மழை வருவதற்குள் சம்பந்தி அம்மாள் ஆசைதீரப் பார்த்துவிட்டுப் போனது நம் அதிர்ஷ்டம்.

எட்டு அறைகளும் காலி. என் பேச்சைக் கேட்க இப்போது சமையல்காரரும் பூனையும்தான். நாலாம் நம்பர் ஜன்னலைத் திறந்து கொஞ்ச நேரம் நின்றேன். அக்காவுக்கு என்ன எழுதுவது என்று மூன்று நாளாகப் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். எதை எழுதினாலும் திட்டுவாள். முதலாளியிடம் இதையெல்லாம் எழுதக்கூடாது, மன்னிக்கவும்.

மேனேஜர்

*

ஆகஸ்ட் 14

தம்பிக்கு,

டீச்சர் கையால் அக்கா. நீ நலமா? பத்து நாள் என்றாய், பதினேழு நாளாகிவிட்டது. உனக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று டீச்சர் கேட்கிறாள். ஆகியிருக்காது என்றேன்.

என் கண் போய்விட்டது என்று வைத்துக்கொள். இனிமேல் நான் வந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. பூத்தது, பூக்கவில்லை என்று நீ ஒன்றும் எழுத வேண்டாம். பெட்டியைப் பிரித்துத் துணியையெல்லாம் அலமாரியில் வைத்துவிட்டேன்.

உனக்கு என்னிடம் ஏதாவது சொல்லவேண்டும் என்றிருந்தால் மட்டும் எழுது. எதுவாக இருந்தாலும் சரி. நான் கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா

*

ஆகஸ்ட் 19

என் அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் பார்த்து அழுதேன். நிஜமாக. சமையல்காரர் பயந்துபோய் எனக்கு இரண்டாவது டம்ளர் டீ கொடுத்தார், பதினாறு வருஷத்தில் முதல் தடவை.

ஆனால் அக்கா, கேள்! பூத்துவிட்டது! உன் கடிதம் வந்த அதே நாள்! சரிவு பூராவும் ஊதா! அந்தச் சோம்பேறிக்கு என்ன திமிர் பார், நீ பெட்டியைப் பிரிக்கிற வரைக்கும் காத்திருந்திருக்கிறது. இத்தனை தாமதத்துக்கு நான் என்ன செய்வேன், குளிர்.

நீ கட்டாயம் வரவேண்டும். பார்க்க முடியாவிட்டால் என்ன, நான் எதற்கு இருக்கிறேன்? என் கண் உன் கண். நான் ஒவ்வொரு செடியாகச் சொல்லச் சொல்ல நீ பார். மற்றவர்கள் கண்ணால் பார்ப்பதைவிட நன்றாகத் தெரியும்படி சொல்கிறேன். அதில் மட்டும் உன் தம்பியை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. நாலாம் நம்பர் உனக்காகக் காத்திருக்கிறது. 27-ம் தேதி பஸ் ஏறு. இறங்கியதும் எத்தனை பேர் எதிரே வேண்டுமானாலும் மூக்கொழுகி என்று கூப்பிட்டுக்கொள்.

உடம்பை அலட்டிக்கொள்ளாமல் வா.

உன் தம்பி

*

செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? கால் வலி எப்படி? நான் நலம். நீ வந்துவிட்டுப் போனதிலிருந்து கூடுதல் நலம்.

மனசிலிருந்து சொல்கிறேன் அக்கா, இத்தனை வருஷத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அன்றைக்குச் செய்ததுதான். சரிவில் என் தோள்மேல் கை வைத்துக்கொண்டு நின்றாயே, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முகத்தை என் பக்கமாகத் திருப்பிக்கொண்டு! உன் ஐம்பத்தொன்பது வயதில் முதல் தடவையாக நீ குறுக்கே பேசாமல் நான் சொன்னதைக் கேட்டாய். நான் சொல்லச் சொல்ல உன் முகத்தில் அந்தப் பூவெல்லாம் வந்து வந்து போனது. கல்யாண ஜோக்குக்குச் சிரித்தாய். கடைசியில் ஒரு பூவைப் பறித்து உன் உள்ளங்கையில் வைத்தபோது இரண்டு விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாய், கண்ணில் தண்ணீர். பஸ் கிளம்புகிறவரை கையைத் திறக்கவே இல்லை.

கண் இருக்கிறவர்கள் ஆயிரம் பேர் வந்தார்கள். யாரும் உன்னைப்போல் பார்க்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

பதில் போடு. டீச்சருக்கு வணக்கம்.

தம்பி

*

செப்டம்பர் 20

தம்பிக்கு,

அக்கா. நலம் விசாரிப்பு இருக்கட்டும்.

இதை நானே எழுதுகிறேன். மர ஸ்கேலை வைத்து, அதன் விளிம்பைத் தடவித் தடவி. ஒரு வரிமேல் இன்னொரு வரி ஏறியிருந்தால் பிரித்துப் படித்துக்கொள். டீச்சரிடம் சொல்லி எழுத வெட்கமாக இருக்கிறது. உன்னை நினைத்து இல்லை, என்னை நினைத்து.

டீச்சர் சுற்றுலா போனது உன் மலைக்குத்தான். ஜூலை 21, பத்து மணிப் பேச்சு. கல்மேல் ஏறி நின்ற ஆள் யார் என்று அவளுக்கு இரண்டாவது வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டதாம், உன் கடிதங்களை எனக்குப் படித்துக்காட்டுகிறவள் ஆயிற்றே. வந்ததும் வராததுமாக, "அக்கா, கெளம்புங்க, எல்லாம் பூத்துக் கெடக்கு, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள். என் கையைப் பிடித்து இழுத்தாள். நான்தான் போகவில்லை. "என் தம்பி கூப்பிடுவான், ஒரு கடுதாசி போடறேன், கூப்பிடுவான்" என்று உட்கார்ந்துகொண்டேன். 31-ம் தேதி மழை பிடித்ததாக உன் ஊர் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அதற்கு முன்னால் எட்டு நாள் இருந்தது எனக்கு. அந்த எட்டு நாளையும் உன்னைச் சோதிப்பதில் செலவழித்தேன். அது என் முட்டாள்தனம், உன்மேல் போடமாட்டேன்.

கண் போய்விட்டது என்று வைத்துக்கொள் என்றுதானே எழுதினேன்? நீ வைத்துக்கொண்டாய். போகவில்லை. துவாரம் ஊசிக் காது அளவு இருந்தது, ஆனால் இருந்தது. என் பங்குக்கு நானும் ஒரு பொய் சொன்னேன். இனி ஆகவேண்டியது ஒன்றுமில்லை என்று தெரிந்தால் நிஜத்தை எழுதுவாய் என்று நினைத்தேன். நீ என்னை வரச் சொன்னாய்.

கடைசி வளைவிலேயே சரிவைப் பார்த்துவிட்டேன். பழுப்பு. துவாரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் பழுப்பு. பஸ் ஸ்டாண்டில் சொல்லிவிடுவாய் என்று நினைத்தேன். டீக்கடையில் சொல்லிவிடுவாய் என்று நினைத்தேன். சரிவில் ஏறும்போது "கல்லு இருக்கு, பாத்து" என்று அவ்வளவு அக்கறையாகப் பிடித்துக்கொண்டாய், இதோ இப்போது சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். "அக்கா, ஒன் இடது பக்கம் பூரா ஊதா, கடல் மாதிரி" என்றாய். இடது பக்கம் யாரோ குடித்துப் போட்ட தண்ணீர் பாட்டில் கிடந்தது. "தேனீ கத்துறது கேக்குதா?" என்றாய். அது உன் லாட்ஜ் மோட்டார். கையில் ஒரு பூவை வைத்தாய். தம்பி, நான் முப்பத்தொரு வருஷம் துணி தொட்டவள். இழை பிரியாமலிருக்க ஓரத்தை நெருப்பில் காட்டியிருந்தார்கள். ரிசப்ஷன் ஜாடியிலிருந்து உருவிக்கொண்டு வந்தாயா? கொஞ்சம் தண்ணீர் வேறு தெளித்திருந்தாய்.

டீச்சர் நடித்துக் காட்டிய அதே பேச்சு. ஒரு வார்த்தை மாற்றவில்லை. கல்யாண ஜோக்கு சொல்லிவிட்டு, கூட்டம் சிரிப்பதற்காக நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினாய். அங்கே நான் ஒருத்திதான் நின்றேன். சிரித்தேன்.

அதற்குப் பிறகு சரிவை விட்டுவிட்டு உன்னைப் பார்த்தேன். துண்டு துண்டாகத்தான் தெரியும்; முதலில் வாய், அப்புறம் ஒரு கண், அப்புறம் நெற்றி, திரும்பவும் வாய். பயம் இருக்கிறதா என்று தேடினேன். வெட்கம் இருக்கிறதா என்று தேடினேன். ஓடுகிற துணியில் குறை தேடுகிற மாதிரி நிதானமாகத் தேடினேன். ஒன்றுமில்லை. நீ சந்தோஷமாக இருந்தாய். நீ பிறந்ததிலிருந்து உன்னை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை எழுந்தபோது துவாரமும் இல்லை. டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தார். நான்தான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். வெளியே வந்ததும் டீச்சர் கேட்டாள், "முழுசா இருட்டா இருக்கா அக்கா? ஒண்ணுமே தெரியலையா?" என்று.

ஒன்றே ஒன்று தெரிகிறது என்று அவளிடம் சொல்லவில்லை. உன் வாய். நான் கண்ணை மூடினாலும் திறந்தாலும் அங்கேயே இருக்கிறது, பேசிக்கொண்டே இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு. பதில் எழுதாதே.

அக்கா